நேர்ச்சை: கடை மேசையில் அடிக்கடி கேட்கிற சந்தேகங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அம்மன் கொடை (கோயில் திருவிழா) நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், தர்கா ஆண்டு விழா நோட்டீஸ் எல்லாம் இதே மேசைக்குத்தான் வரும். இந்த மூன்று வகை நோட்டீஸிலும் தவறாமல் வருகிற ஒரு சொல் "நேர்ச்சை". ப்ரூஃப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சொல்லில் வந்து நின்று ஏதாவது ஒரு கேள்வி கேட்பார்கள், அவர்கள் போனதும் அடுத்த ஆள் அதையே வேறு மாதிரி கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருக்கின்றன.

நேர்ச்சைன்னா என்ன அண்ணே, வேண்டுதல்தானே?

கிட்டத்தட்ட. ஆனால் திசை வேறு. வேண்டுதல் என்றால் நாம் கேட்பது, நேர்ச்சை என்றால் நாம் கொடுப்பதாக ஒப்புக்கொள்வது. "எனக்க மகனுக்குத் தலைவலி மாறணும்" என்பது வேண்டுதல். "மாறினால் மண்டைக்காட்டுக்கு வந்து மண்டையப்பம் வைக்கிறேன்" என்பது நேர்ச்சை (மண்டைக்காடு அம்மன் கோயிலில் தலை வடிவில் செய்து வைக்கிற பலகாரம்தான் மண்டையப்பம்). இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் பேச்சில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

அங்கே கொண்டுபோய் வைக்கிற பொருள் காணிக்கை. கோயில் கவுண்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிச் செய்வதை நம்ம ஊரில் வழிபாடு என்போம் (வெடி வழிபாடு மாதிரி). யாருக்கும் எதுவும் நேராமல், சும்மா போகிற போக்கில்கூட ஒரு வழிபாடு நடத்தலாம். நேர்ச்சைக்கு முன்கூட்டியே சொன்ன ஒரு வார்த்தை இருந்தாக வேண்டும்.

நேர்ச்சையா, நேர்ச்சியா, நேர்த்தியா? நோட்டீஸ்ல எதைப் போடட்டும்?

உங்கள் ஊரில் வாயில் எது வருகிறதோ அதைப் போடுங்கள். மூன்றும் "நேர்" என்ற ஒரே வினையிலிருந்து வந்தவைதான். என் கடைக்கு வருகிறவர்களை வைத்துச் சொன்னால், மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் நேர்ச்சை என்பார்கள், கிழக்கே தோவாளைப் பக்கம் போகப் போக நேர்த்திக்கடன் கூடிவிடும். நேர்ச்சி பேச்சில் இல்லை, பழைய எழுத்தில் பார்க்கலாம்.

இதில் நானே ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிழக்கே ஒரு ஊர்க் கொடை நோட்டீஸில் கைப்பழக்கத்தில் "நேர்ச்சை செலுத்துவோர்" என்று அடித்துவிட்டேன். கமிட்டியில் ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "இது சர்ச்சுக்காரங்க சொல்லுல்லா, நமக்கு நேர்த்திக்கடன்" என்றார். 500 நோட்டீஸ் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான், சொல்லில் தப்பு ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: "நேற்ச்சை" என்று றகரம் போட்டு எழுதாதீர்கள், வாரத்துக்கு ஒன்றாவது அப்படி வருகிறது.

இது மலையாளச் சொல்லுல்லா? தமிழ் நோட்டீஸ்ல எதுக்கு?

இந்தக் கேள்விக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சி. அன்றைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம், அதாவது சென்னை மாநிலத்துக்கு, வந்தன. அதனால் கொஞ்சம் மலையாள வாடை அடித்தாலே "இது நம்மதா அவங்களுதா" என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு.

வேர் இரண்டு பேருக்கும் பொது. வால்தான் யோசிக்க வைக்கிறது. பள்ளிக்கூடத்தில் தொழிற்பெயர் விகுதி என்று ஒரு வரிசையை மனப்பாடம் பண்ணினோமே, தல், அல், அம், ஐ, கை, வை என்று போகுமே, அதில் "தி" உண்டு (நேர்த்தி), "சி" உண்டு (நேர்ச்சி), "சை" கிடையாது. மலையாளத்தில் "நேர்ச்ச" என்று முடியும். அவர்கள் மல என்பதை நாம் மலை என்கிறோம், தல என்பதைத் தலை என்கிறோம், அந்தக் கணக்கில் நேர்ச்ச நேர்ச்சை ஆகியிருக்கும் என்று ஒருவர் வாதாடினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் குமரி எல்லையைத் தாண்டி, மலையாளமே காதில் விழாத ஊர்களிலும் தமிழ் முஸ்லிம்கள் நேர்ச்சை என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் இதை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட முடியாது. நோட்டீஸில் தாராளமாகப் போடலாம்.

"நேர்" என்றால் நேராக என்றுதானே அர்த்தம்? அதற்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்?

தமிழில் நேர் ஒரு பெரிய குடும்பம். நேர் கோடு, நேர் எதிர், நேர்மை, என்ன நேர்ந்தது, நேர்காணல், வேலை நேர்த்தியாக இருக்கிறது, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பொருளை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றன. ஒன்று வந்து எதிரே நின்றால் "நேர்ந்தது", நடந்துவிட்டது. ஒருவர் சொன்னதும் மற்றவர் மனசும் ஒரே கோட்டில் வந்தால் அதுவும் நேர்தல், அதாவது உடன்படுதல். உடன்பட்டபின் கொடுப்பதும் நேர்தல். நேர்ச்சை பிறந்தது இந்த உடன்படுகிற, கொடுக்கிற கிளையில்.

குறளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 821ஆவது குறள்: "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு." மனசுக்குள் உடன்படாமல் வெளியே மட்டும் கூடிக்குலவுகிறவர்களின் நட்பு, சமயம் பார்த்து நம்மை வைத்து அடிக்கிற பட்டடைக்கல் என்கிறார். இந்த "நேரா" என்பதுதான் நம்ம சொல். மனசு நேரவில்லை. பகைவருக்குப் பழைய தமிழில் "நேரார்" என்று ஒரு பெயர் இருப்பதும் இதனால்தான், நம்மோடு உடன்படாதவர்கள். அகப்பாட்டுகளுக்குத் துறை (பாட்டின் சூழலைச் சொல்கிற குறிப்பு) எழுதினவர்கள் "வரைவு நேர்தல்" என்று எழுதுவார்கள், பெண் வீட்டார் கல்யாணத்துக்குச் சம்மதிப்பது. "குறை நேர்தல்" என்றால் தலைவன் கெஞ்சிக் கேட்டதற்குத் தோழி சரி என்பது. ஆக, சாமி பக்கம் போகும் முன்பே மனுசருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்த சொல் இது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

அந்தக் காலத்துலயும் ஆளுங்க நேர்ந்துக்கிட்டாங்களா?

உண்டு. குறுந்தொகை 218இல் ஒரு பெண் பேசுகிறாள். தலைவன் பொருள் தேடப் போய்விட்டான், வருகிறேன் என்ற காலத்துக்கு வரவில்லை. அவள் தோழியிடம், மலைக்குகையில் இருக்கிற வெற்றிமிக்க சூலிக்கு (கொற்றவைக்கு) "கடனும் பூணாம், கைந்நூல் யாவாம்" என்கிறாள். நேர்த்திக்கடன் ஏற்க மாட்டோம், கையில் காப்புநூல் கட்ட மாட்டோம், பறவைச் சகுனம் பார்க்க மாட்டோம், விரிச்சி (தற்செயலாகக் காதில் விழுகிற நல்வாக்கு) கேட்டு நிற்க மாட்டோம், அவனை நினைக்கவும் மாட்டோம். அவ்வளவு கோபம். அவன் இல்லாமல் ஒரு நொடிகூட இருக்க முடியாத உயிர் என்று பாட்டு கடைசியில் அவளே உடைந்துபோவது வேறு கதை.

மாட்டோம் என்று ஒருத்தி வரிசையாகச் சொல்கிறாள் என்றால், மற்றவர்கள் அதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? மலைக்கோயில், கையில் நூல், காத்திருக்கிற பெண். இரண்டாயிரம் வருசப் பாட்டு என்கிறார்கள், ஆனால் மாசிக்கொடை சமயத்தில் மண்டைக்காட்டு பஸ்ஸில் ஏறினால் இதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்ன, இருமுடி கூடுதலாக இருக்கும்.

நேர்த்திக்கடன்ல "கடன்" எதுக்கு? சாமிகிட்ட கடன் வாங்கினோமா?

மேலே சொன்ன பாட்டிலேயே கடன் வந்துவிட்டது பாருங்கள். அங்கே "கடன் பூணுதல்", அதாவது ஒரு கடமையைத் தலையில் ஏற்றுக்கொள்வது. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்ற புறநானூற்று வரியில் இருப்பதும் அந்தக் கடன்தான், பெற்று வளர்ப்பது என் பொறுப்பு. வட்டிக்கு வாங்குகிற கடன் அதே சொல்லின் இன்னொரு பொருள், இன்றைக்கு அதுதான் முன்னே நிற்கிறது. நேர்த்திக்கடன் என்றால் நேர்ந்ததால் வந்த கடமை. கந்துவட்டி கணக்காக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

சத்தியம் பண்றதும் நேர்ச்சையும் ஒண்ணுதானா?

இல்லை. சத்தியம் மனுசரிடம் சொல்வது, சாமி அதற்குச் சாட்சி. நேர்ச்சை சாமியிடமே சொல்வது, சாட்சி தேவையில்லை. "நான் எடுக்கலை, சத்தியமா" என்று முடிந்துபோன காரியத்துக்கும் சத்தியம் பண்ணலாம். நேர்ச்சை இனி செய்யப்போகிற காரியத்துக்கு மட்டும்தான்.

நம்ம மாவட்டத்துக்குச் சத்தியத்தில் ஒரு பயங்கரமான பழைய கதை உண்டு, சுசீந்திரம் கைமுக்கு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, தாணுமாலயன் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விட்டுத் தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது நின்றது. இன்றைக்கு அதே கோயிலில் அனுமாருக்கு வெண்ணெய் சாத்துகிறேன், வடைமாலை போடுகிறேன் என்று ஜனங்கள் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். இது எவ்வளவோ தேவலை.

நாங்க பொருத்தனைன்னு சொல்லுவோம். அது வேறயா?

சிஎஸ்ஐ, சால்வேஷன் ஆர்மி மாதிரி புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் கேட்பது. பொருள் ஒன்றுதான். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் பொருத்தனை என்ற சொல் நிலைத்துவிட்டது, அதனால் அதைப் படித்து வளர்ந்தவர்கள் வாயில் அது வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பிரசங்கி 5ஆம் அதிகாரத்தில் பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதிக்காதே என்று சொல்லிவிட்டு, அதே வசனத்தின் கடைசியில் "நேர்ந்துகொண்டதைச் செய்" என்று வருகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பொருத்தனை, வினைக்கு நேர்தல். மொழிபெயர்த்தவர்களுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் பட்டிருக்கிறது. பொருந்துவதும் நேர்வதும் ஒத்துப்போவதுதானே.

கூடவே கேட்பார்கள், கன்னியாஸ்திரிகள் எடுப்பதும் நேர்ச்சையா என்று. கத்தோலிக்கர்கள் அதற்கு வார்த்தைப்பாடு என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் சபை முன்னால் கொடுக்கிற வாக்கு. அழைப்பிதழில் அதை நேர்ச்சை என்று போட்டுவிடாதீர்கள், சிஸ்டர்மார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தர்கா நோட்டீஸ்லயும் நேர்ச்சைன்னே இருக்கே, மாத்திப் போட்டுட்டீங்களா?

மாற்றவில்லை. அரபியில் நத்ரு என்பதற்குத் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் நேர்ச்சை என்றுதான் இருக்கும். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா விழாச் சமயத்தில் "நேர்ச்சை வழங்கப்படும்" என்று வந்தால், அங்கே நேர்ச்சை என்பது பங்கு வைத்துக் கொடுக்கிற சாப்பாடு. நேர்ந்தது, நேர்ந்த பொருள், அதைப் பகிர்வது மூன்றுக்கும் ஒரே சொல்லாகிவிட்டது. சர்ச்சுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு.

அல்லாவுக்கு மட்டும்தான் நேரலாம், வலிமார் (இறைநேசர்கள்) பெயரால் நேரக்கூடாது என்கிறவர்களும், நேர்வது அல்லாவுக்கு, நன்மையை அப்பாவுக்கு எத்திவைக்கிறோம் என்கிறவர்களும் என் கடையிலேயே நின்று பேசியிருக்கிறார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. ப்ரூஃபில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

நம்ம மாவட்டத்துல என்னென்ன நேர்ச்சை உண்டு? வெளியூர் மருமகளுக்கு ஒண்ணும் தெரியலை

எல்லாம் சொல்ல முடியாது, கண்ணில் படுகிறவற்றைச் சொல்கிறேன். மண்டைக்காட்டில் மண்டையப்பமும், கை, கால், கண் உருவம் வைப்பதும். முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது. நாகர்கோவில் நாகராஜாவுக்குப் பாலும் மஞ்சளும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும், தேருக்கு உப்பும் நல்லமிளகும் போடுவார்கள், தேருக்குப் பின்னால் ரோட்டில் உருண்டும் விழுந்து கும்பிட்டும் வருவார்கள். உருளுகிறவர்களில் இந்துக்களும் இருப்பார்கள், மருமகள் அதிர்ச்சியாக வேண்டாம். கொல்லங்கோட்டில் மீனபரணிக்குத் தூக்க நேர்ச்சை, அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

இது சாமிகிட்ட பேரம் பேசுறதுல்லா?

காலேஜ் பிள்ளைகள் கேட்கிற கேள்வி, கேட்கும்போதே ஒரு சிரிப்பு இருக்கும். பேரம் என்றால் இரண்டு பக்கமும் விலை சொல்லணும். இங்கே ஒரு பக்கம்தான் பேசுகிறது. அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டதா என்று கடைசிவரை தெரியாது. அப்படிப்பட்ட வியாபாரத்தில் எந்த வியாபாரியும் இறங்க மாட்டான்.

ஆனால் கேள்வி புதிது இல்லை. நேர்ச்சை எதையும் மாற்றிவிடாது, கஞ்சனிடமிருந்து கொஞ்சம் வெளியே எடுக்கத்தான் அது உதவும் என்ற பொருளில் நபிமொழியே இருக்கிறது. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அது சரிதான், கஞ்சப்பயலுவ அப்படியாவது குடுக்கட்டும்" என்றாள். நிபந்தனை இல்லாத நேர்ச்சையும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "நடந்தால் செய்கிறேன்" என்று இல்லாமல், "வருசா வருசம் வருகிறேன்" என்று மட்டும் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

நேர்ந்ததை மறந்துட்டா, தள்ளிப் போட்டா சாமி கோபிக்குமா?

கோபிக்குமா என்று தெரியாது, செலவு கூடும் என்பது மட்டும் நிச்சயம். எனக்கு ஆறாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்தது. சுகமானால் ஊர்க் கோயிலில் மட்டிப்பழத்தால் துலாபாரம் என்று அம்மா நேர்ந்துவிட்டாள். சுகமாயிற்று. அடுத்த மாசம், தை பிறக்கட்டும், அக்கா கல்யாணம் முடியட்டும் என்று போய்ப் போய், கடைசியில் செய்தது எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு. நேர்ந்த அன்று நான் 29 கிலோ. தட்டில் ஏறி உட்கார்ந்த அன்று 71.

மட்டிப்பழம் சின்ன வாழைப்பழம், விரல் மாதிரி இருக்கும், விலை மட்டும் மலிவான பாளையங்கோடன் வாழைப்பழம் மாதிரி இருக்காது. அம்மா அரசமரத்தடியில் நின்று ஒவ்வொரு குலையாகத் தட்டில் வைக்கச் சொல்கிறாள், பழத்தட்டு இறங்கவே இல்லை. கொண்டுபோன குலையெல்லாம் தீர்ந்து, ஜங்ஷன் பழக்கடைக்கு ஆள் ஓடி, அங்கே மட்டி போதாமல்... நான் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப்பையிலிருந்த போனையும் சாவியையும் எடுத்துக் கொடுத்தேன். தட்டு லேசாக அசைந்தது. "அப்பவே செஞ்சிருக்கணும் மக்களே, இதுல பாதிக் குலையில முடிஞ்சிருக்கும்" என்று பூசாரி சொன்னதற்கு அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

நேர்ந்தபடி செய்ய முடியலை. மாத்திச் செய்யலாமா?

முழங்கால் தேய்ந்துபோன ஒரு மாமி, கோட்டாறு தேருக்குப் பின்னால் உருளுவதாக நேர்ந்திருந்தார். டாக்டர் கூடாது என்றுவிட்டார். இந்த விஷயத்தில் கத்தோலிக்கச் சட்டம் நல்ல தெளிவு. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1197ஆம் சட்டப்படி, தனிப்பட்ட முறையில் நேர்ந்ததை அதற்குச் சமமானதாகவோ மேலானதாகவோ நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். அதைவிடக் குறைவானதாக மாற்றணும் என்றால்தான் விலக்குக் கொடுக்க அதிகாரம் உள்ளவரிடம் போகணும். மாமிக்கு இதைச் சொன்னேன், ஃபாதரிடமும் கேட்டுக்கொண்டு, உருளுவதற்குப் பதில் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டார்.

இஸ்லாத்தில், பாவமான காரியத்துக்கு நேர்ந்தால் அதைச் செய்யவே கூடாது. முறித்த சத்தியத்துக்கு உள்ள பரிகாரம் பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, முடியாதவருக்கு மூன்று நாள் நோன்பு. நிறைவேற்ற முடியாத நேர்ச்சைக்கும் அதையே சொல்கிற மார்க்க அறிஞர்கள் உண்டு. கோயில்களில் எழுதின சட்டம் என்று கிடையாது, பூசாரியிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ கேட்டு, ஒரு காணிக்கையோடு மாற்றிச் செய்வதுதான் நடைமுறை. வாயை விட்டபின் மாற்றவே முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் பைபிளில் வருகிற யெப்தா கதைதான். வீட்டிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைப் பலி கொடுப்பேன் என்று நேர்ந்தான். வந்தது ஒரே மகள்.

எனக்க பாட்டா (தாத்தா) நேர்ந்தது. அவரு போய்ச் சேர்ந்தாச்சு. நான் செய்யணுமா?

கத்தோலிக்கச் சட்டப்படி நேர்ச்சை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். இஸ்லாத்தில் வேறு மாதிரி: ஒருவர் தன் தாயார் நேர்ந்து நிறைவேற்றாமல் இறந்துவிட்டதைச் சொன்னபோது, அவருக்காக நீ நிறைவேற்று என்று நபி சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. கோயில் குடும்பங்களில் யாரும் சட்டம் பார்ப்பதில்லை. வீட்டில் தொடர்ந்து இரண்டு காரியம் தடைபட்டால் உடனே "பாட்டா நேர்ந்தது ஒண்ணு கிடக்குல்லா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

என் கருத்து: செலவு தாங்கும் என்றால் செய்துவிடுங்கள். பாட்டாவுக்காக என்று ஒரு நாள் குடும்பம் மொத்தமும் கூடினால் நல்லதுதானே. செய்ய முடியவில்லை என்றால் பயந்து ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம்.

கைப்பிள்ளைக்காக அம்மா நேர்ந்தா, அது யாருக்க நேர்ச்சை?

கொல்லங்கோடு தூக்கம் பார்த்தவர்கள் கேட்பது. பங்குனியில் மீனபரணி அன்று வெங்கஞ்சிக் கோயிலில் நடக்கும். வில் என்று சொல்கிற நீண்ட மரங்கள் தேரிலிருந்து உயரத் தூக்கப்படும், அதில் தூக்கக்காரர்கள் தொங்குவார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழந்தை. அப்படியே கோயிலை ஒரு சுற்று. கீழே குழந்தையின் அம்மா அண்ணாந்து பார்த்தபடி கூடவே ஓடுவாள். நான் பார்த்த வருசம் ஒருத்தி ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினாள். மேலே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

நேர்ந்தது அம்மா, அதனால் நேர்ச்சை அம்மாவுடையது. பிள்ளை அதில் கொடுக்கப்படுகிற, திரும்பப் பெறப்படுகிற பொருள் மாதிரி. இது சரியா என்று கேட்டால், எனக்கு நெஞ்சு பதறியது என்பதை மறைக்க மாட்டேன். தூக்கக்காரர்கள் விரதம் இருந்து, பழகித்தான் ஏறுகிறார்கள் என்பதும் உண்மை. விரும்பாதவர் நேராமல் இருக்கலாம், நேர்ந்தபின் மாற்ற வேண்டும் என்றால் முந்தின முந்தின கேள்வியைப் பாருங்கள்.

"நேர்ந்து விட்ட கிடா மாதிரி திரியிறான்"னு சொல்றாங்களே, அது இதா?

இதேதான். சாமிக்கென்று நேர்ந்து விட்ட கிடாயை யாரும் கட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள், அது எந்தத் தோட்டத்திலும் மேயும். அதனால் பொறுப்பில்லாமல் திரிகிறவனுக்கு அந்தப் பெயர். இன்னொரு பக்கம், "பொண்ணை நீட் கோச்சிங்குக்கே நேர்ந்து விட்டாச்சு" என்றும் சொல்கிறோம். அங்கே கயிறு இருக்கிறது, மேய்ச்சல் இல்லை.

கமிட்மென்ட்டுக்குத் தமிழ்ல நேர்ச்சைன்னு போடலாமா?

ஒரு கம்பெனி ப்ரோஷர் தமிழாக்க வந்த தம்பி கேட்டது. வேண்டாம். வாடிக்கையாளருக்கு நேர்ச்சை என்று போட்டால் மொட்டை அடிப்பீர்களா என்று கேட்பான். இடத்துக்குத் தக்கபடி பிரித்துப் போடுங்கள்: கொடுத்த வார்த்தை என்றால் வாக்கு, மனசை வைத்துச் செய்வது என்றால் ஈடுபாடு, தலையில் ஏற்றுக்கொண்ட கடமை என்றால் கடப்பாடு. கடப்பாடு அருமையான பழைய சொல். "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று 211ஆவது குறள் தொடங்கும், மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கும். பேரமா என்று கேட்ட காலேஜ் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம்.

"நான் கமிட்டட்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, அதற்கு வரைவு நேர்தல் பொருந்துமா என்றும் அதே தம்பி கேட்டான். பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்போ பொருந்தாது.

வேலை கிடைச்சா சிகரெட்டை விட்டுடறேன்னு நேர்ந்தேன், கிடைக்கலை. விடணுமா?

நேர்ச்சைப்படி வேண்டாம். நிபந்தனை நிறைவேறவில்லை, கட்டு இல்லை. உங்கள் நெஞ்சுக்கூடு என்ன சொல்கிறது என்பதை வேறு ஆளிடம் கேளுங்கள்.

மக்களே, இந்தக் காசு செல்லாதாமே. அப்போ நேர்ச்சை செல்லுமா?

எண்பது தாண்டிய ஒரு பாட்டி. அரிசிப் பானையைக் கழுவும்போது அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடைத்திருக்கிறது. உள்ளே ஒரு 25 பைசா. ஏதோ ஒன்றுக்காகக் காசு முடிந்து வைத்திருக்கிறார், எந்தச் சாமிக்கு, எதற்கு என்று ஞாபகம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, தாத்தா கடலுக்குப் போனபோதா, மாடு காணாமல் போனதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. பேரன், 25 பைசா 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டான். நான் நோட்டீஸில் நேர்ச்சை பற்றியெல்லாம் அடிக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்க வந்துவிட்டார்.

முடிந்து வைக்கிற காசு விலை இல்லை, ஞாபகத்துக்கு வைக்கிற அடையாளம்தான், அதனால் செல்லாத காசாலும் நேர்ச்சை செல்லாமல் போகாது என்றேன். எந்தச் சாமி என்று தெரியாதபோது எங்கே கொண்டு போட என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "எனக்குத்தானே மறந்துபோச்சு, அதுக்குத் தெரியும்லா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து, அந்த 25 பைசாவோடு வைத்து மறுபடி மடித்தார். துணி இற்றுப்போயிருந்தது, முடிச்சு நிற்கவில்லை. நூல் இருக்கா என்று கேட்டார். நோட்டீஸ் கட்டு கட்டுகிற சணல்தான் இருந்தது, அதில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன்.